பிடிக்காத படத்திலை நல்லதைச் சொன்னால் அது பொய்யோ?

தம்பி, நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சனான். 'தீபன்' படத்தைப் போனிலை பாத்திருக்கிறீங்கள், அரைவாசியிலை அலுப்படிச்சிட்டுது, கடைசியிலை வாற சண்டை எங்கடை ஆக்களை வெறும் கொலைகாரர் மாதிரிக் காட்டுது எண்டு கோவமும் வந்திருக்கு. அதைக் கூட்டாளியிட்டைச் சொல்ல அவர் "பிரான்ஸிலை நடக்கிற கான் படவிழாவிலை பெரிய பரிசு எடுத்த படம், உனக்குச் சினிமா விளங்கேல்லை, பிடிக்காட்டிலும் தரத்தைப் பாராட்டப் பழகு" எண்டிட்டார். அதுக்குப் பிறகு தான் இஞ்சை வந்து பிடிக்காத படத்தைப் பாராட்டுறது எப்பிடி எண்டு கேட்டிருக்கிறீங்கள். ஆனால் உங்கடை மனசிலை கிடந்து உறுத்துறது வேறை ஒண்டு எண்டு எனக்குப் படுது. பிடிக்காத ஒண்டை நல்லம் எண்டு சொன்னால் அது நடிப்பில்லையோ, ஊருக்காகச் சொல்லுற பொய்யில்லையோ எண்டது தான் அது. அதுக்குத் தான் பதில் எழுதுறன், கொஞ்சம் நீளும், பொறுமையா வாசியுங்கோ.

நான் எடிட்டிங் செய்யிறவன். கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோவிலை துவங்கி, இப்ப யாழ்ப்பாணத்திலை பெடியள் பெட்டையள் எடுக்கிற குறும்படங்களுக்கு எடிட் செய்து குடுக்கிறன், குறும்படப் போட்டியளுக்கு நடுவராவும் கூப்பிடுறவை. இந்தத் தொழிலிலை எனக்குப் பிடிச்ச படத்திலை வேலை செய்யக் கிடைக்கிறது குறைவு. கதை பிடிக்காது, பாட்டு பிடிக்காது, சில நேரம் எடுத்தவர் சொல்ல வாற விசயமே பிடிக்காது. ஆனாலும் மேசையிலை இருந்தால் ஒரே காட்சியை நாலைஞ்சு தரம் எடுத்து வச்சிருக்கிறதிலை எது திறம் எண்டு கண்டுபிடிச்சே ஆகவேணும், இந்தக் கதை எனக்குப் பிடிக்கேல்லை, ஆனபடியால் எல்லாம் ஒண்டு தான் எண்டு சொல்ல ஏலாது. அந்த நடிகை திரும்பிப் பாக்கிற மூண்டாவது ரேக்கிலை ஒரு தயக்கம் இருக்கும், மற்றதுகளிலை இருக்காது, அது எனக்குக் கதை பிடிச்சாலும் இருக்கும் பிடிக்காட்டிலும் இருக்கும். பிடிக்கிறது ஒரு வேலை, தரத்தைக் காணுறது இன்னொரு வேலை எண்டு எனக்குப் படிப்பிச்சது இந்தப் பிழைப்புத் தான்.

உறுதியாச் சொல்லக்கூடியதை முதல்லை சொல்லிப்போடுறன். ஒரு படம் பிடிக்கிறதோ பிடிக்காததோ உங்கடை கையிலை இல்லை, அது தன்ரை பாட்டிலை நடக்கிறது. அண்டைக்குப் பசியோடை இருந்தீங்களோ, முதல் நாள் ஒரு செத்தவீட்டுக்குப் போட்டு வந்தீங்களோ, கதையிலை வாற தகப்பனை மாதிரி ஒராள் உங்கடை வீட்டிலையும் இருந்தவரோ எண்டதெல்லாம் அதுக்குள்ளை கிடக்கும். அதிலை ஆரும் உங்களைத் திருத்த ஏலாது, எனக்குப் பிடிக்கேல்லை எண்ட வசனத்துக்கு ஆதாரமும் தேவையில்லை. தரம் படத்துக்குள்ளை கிடக்கிற ஒண்டு. இந்த இடத்திலை இப்பிடிச் செய்திருக்கினம், அதாலை பாக்கிறவனுக்கு இது நடக்குது எண்டு விரல் வச்சுக் காட்டலாம், மற்றவன் பாத்திட்டு ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லலாம். ரெண்டு வசனமும் ரெண்டு வேறை விசயத்தைப் பற்றினது, ஒரே மூச்சிலை ரெண்டையும் சொன்னாலும் ஒண்டு மற்றதைப் பொய்யாக்காது. பொய் எங்கை வருகுதெண்டால் இடம் காட்டாமல் பாராட்டேக்கை தான். ஒளிப்பதிவு திறம், இயக்கம் திறம், எனக்குத் தான் பிடிக்கேல்லை எண்டு கனபேர் எழுதினம், எந்த இடத்திலை எண்டு கேட்டால் பதில் வராது, அது பரிசுக்குப் பயந்து சொல்லுறது. அப்பிடிச் சொல்லுறதைக் காட்டிலும் பிடிக்கேல்லை எண்டு நேரை சொல்லிட்டுப் போறது எவ்வளவோ நேர்மை.

சரி, தீபனையே எடுப்பம். எனக்கும் அந்தப் படத்தின்ரை கடைசிக் கால்வாசி பிடிக்கிறேல்லை, ஆனபடியால் இது நல்ல உதாரணம். 2015 இலை வந்தது, ஜாக் ஓடியார் எண்ட பிரெஞ்சு இயக்குநர் கூடுதலாத் தமிழிலையே எடுத்த படம், அல்லைப்பிட்டியிலை பிறந்த ஷோபாசக்தி தான் தீபன். பாக்காத ஆக்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொன்னால், இயக்கத்திலை இருந்த ஒருத்தர், அவருக்கு முன்பின் தெரியாத ஒரு பொம்பிளை, தாய் தகப்பன் இல்லாத ஒரு பிள்ளை, மூண்டு பேரும் செத்துப்போன ஒரு குடும்பத்தின்ரை பாஸ்போட்டிலை பிரான்ஸுக்குப் போய் அங்கை குடும்பம் மாதிரி நடிச்சுக்கொண்டு இருக்கினம். துவக்கத்திலை பிணங்களை எரிக்கிற ஒரு காட்சி வரும், தீபன் தன்ரை சீருடையையும் நெருப்பிலை போடுவார். பிறகு கொஞ்ச நேரத்திலை திரை இருட்டாகும். அந்த இருட்டுக்குள்ளை சின்னச் சின்ன வெளிச்சம் மினுங்கும், என்ன சாமான் எண்டு விளங்காது, கொஞ்சம் கொஞ்சமா எங்களை நோக்கி வரும். கிட்ட வந்தாப் பிறகு தான் தெரியும் அது தீபன் எண்டு, தலையிலை மினுங்குற விளையாட்டுச் சாமானைப் போட்டுக்கொண்டு பாரிஸ் தெருவிலை அதுகளை வித்துக்கொண்டு வாறார். வந்து சேந்த கதையை வசனத்திலை ஒருத்தரும் விளங்கப்படுத்தேல்லை. நெருப்புக்குப் பக்கத்திலை நிண்ட மனுசனும் இந்த மினுங்குற மனுசனும் ஒராள் தான் எண்டதை நாங்கள் தான் எங்கடை தலைக்குள்ளை பொருத்த வேண்டியிருக்கு. என்ன வெளிச்சம் எண்டு தெரியாமல் நாங்கள் முழுசிக்கொண்டிருக்கிற அந்தக் கொஞ்ச நேரம், எங்கை வந்து நிக்கிறன் எண்டு அவருக்கே பிடிபடாத நிலைமையை எங்களுக்கும் தருகுது. இதைத் தான் இடம் காட்டுறது எண்டு சொல்லுறன். இதைச் சொல்லுறதுக்கு எனக்குப் படம் பிடிச்சிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கடைசிச் சண்டையையும் அப்பிடிப் பாருங்கோ. புகைக்குள்ளாலை தீபன் படியேறுற இடத்திலை கமெரா அவரோடை ஒட்டிக்கொண்டே போகுது, சுடுபடுறது ஆர், விழுறது ஆர் எண்டு வடிவாத் தெரியாது. வழமையான சண்டைப் படத்திலை எதிராளி விழுறதைத் தெளிவாக் காட்டித் தான் சனத்தைக் கைதட்ட வைக்கிறது, இதிலை அந்தக் கைதட்டலுக்கு இடமே வைக்கேல்லை. அது யோசிச்சுச் செய்த வேலை. ஆனால் அதுக்குப் பிறகு நேரை இங்கிலாந்திலை வெய்யிலும் சிரிப்புமா ஒரு வீட்டைக் காட்டினம் பாருங்கோ, அது முதல் செய்த நல்ல வேலையை அழிக்குது, வெறி பிடிச்சுச் சுட்டதுக்குச் சம்பளம் குடுத்த மாதிரி எனக்கு இருக்கு. அதைக் கனவு எண்டு வாசிக்கிறவையும் இருக்கினம், அப்பிடி வாசிக்கவும் இடமிருக்கு, நான் அப்பிடி எடுக்கேல்லை. ஒரே பத்து நிமிசத்துக்குள்ளை ஒரு திறமான முடிவும் எனக்கு ஒத்துவராத ஒரு முடிவும் பக்கத்திலை பக்கத்திலை கிடக்கு. படத்தை மொத்தமா நல்லம் கூடாது எண்டு ஒரு புள்ளியிலை அடக்க வெளிக்கிட்டால் இதொண்டும் கண்ணிலை படாது.

இனி உங்கடை வெறுப்பைக் கொஞ்சம் பிரிச்சுப் பாப்பம், அது ஒரே சாமான் இல்லை. போனிலை பாத்தது ஒரு பக்கம். நான் மேலை சொன்ன அந்த இருட்டுக் காட்சி, பகல் வெளிச்சத்திலை ஒரு கையகல ஸ்கிரீனிலை சும்மா கறுப்பாத் தான் தெரியும், அங்கை அலுப்படிக்காமல் என்ன செய்யும். பஸ்ஸிலை இருந்து பாக்கிறவை, ஒண்டரை மடங்கு வேகத்திலை ஓட விட்டுப் பாக்கிறவை, எல்லாரும் இப்ப படத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லினம், அவை பாத்தது எடுத்தவர் முடிச்சுக் குடுத்த படமில்லை. அதைக் கழிச்சுப்போட்டு மிச்சத்தைப் பாருங்கோ. சில படம் வேணுமெண்டே பாக்கிறவனை அந்தரப்பட வைக்கும், அந்த அந்தரம் தான் அது தர வந்தது. தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாட்டிலை, அதாவது உடம்பிலை தெரியிற உணர்ச்சியளிலை, அழுகை, இளிவரல் (இழிவு), அச்சம், வெகுளி (கோவம்) எண்டு நாலு ஒருத்தரும் விரும்பிக் கூப்பிடுற உணர்ச்சியில்லை, ஆனால் செய்யுளுக்குள்ளை அதுகளுக்கும் இடமிருக்கு. ஆக, படம் முடிய வயித்தைக் குமட்டினால் உடனை மோசமான படம் எண்டு எழுதாமல், இது என்னைக் குமட்ட வைக்கத் தான் பாத்ததோ எண்டு ஒருக்கா கேளுங்கோ. ஓம் எண்டால் அது வெண்டிட்டுது, அதுக்காக நீங்கள் திரும்பப் பாக்க வேணும் எண்டில்லை.

எங்கடை ஆக்களுக்கு இன்னொரு தனி வெறுப்பு இருக்கு, அதைச் சொல்லாமல் விடேலாது. இந்தியப் படத்திலை எங்கடை கதையை எடுத்தால் முதல் பத்து நிமிசத்திலை பேச்சைப் பிடிச்சிடுவம். 'எண்டு' வரவேண்டிய இடத்திலை வேறை ஒண்டு வந்தால், ஒரு அம்மா பிள்ளையோடை கதைக்கிற விதம் எங்கடை வீட்டுக் கதையா இல்லாட்டில், அதோடை கண்ணை மூடிடுவம். இது நியாயமான குறை, சின்னக் குறை எண்டு நான் சொல்ல மாட்டன், ஒரு சனத்தின்ரை பேச்சைச் சரியா விசாரிக்காமல் அந்தச் சனத்தின்ரை துக்கத்தை எடுக்கிறது மரியாதைக் குறைவு. ஆனால் 2002 இலை வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தைப் பற்றி இஞ்சை கதைச்ச கனபேர் பேச்சோடையே நிண்டிட்டினம். அந்தப் படத்துக்குக் கிடைச்ச தேசிய விருதுகளிலை ஒண்டு எடிட்டிங்குக்கு, ஸ்ரீகர் பிரசாத் வாங்கினவர். கடைசியிலை பிள்ளையும் பெத்த தாயும் சந்திக்கிற இடத்தை நான் பெடியளுக்குப் போட்டுக் காட்டுறனான். பிள்ளை கேள்வி கேக்குது, தாயிட்டைப் பதில் இல்லை. கேக்கிறவளின்ரை முகத்திலை எவ்வளவு நேரம் நிக்கிறது, கேட்டுக்கொண்டிருக்கிறவையின்ரை முகத்துக்கு எப்ப போறது எண்டதைக் கவனிச்சால் அந்தக் காட்சி எங்கை ஏறுது எண்டு பிடிபடும். சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் பாருங்கோ, பேச்சு உறுத்தாது, வெட்டு மட்டும் தெரியும். பிறகு சத்தத்தைத் திரும்ப வச்சுப் பேச்சைப் பற்றி எவ்வளவு வேணுமெண்டாலும் கோவப்படலாம், அந்தக் கோவமும் சரி தான்.

அலுப்பைப் பற்றி நீங்கள் கூட எழுதியிருக்கிறீங்கள், அதாலை அதிலை கொஞ்ச நேரம் நிக்கிறன். மெதுவான படம் எண்டு எல்லாத்தையும் ஒரே சாக்கிலை போடக்கூடாது. ஒரு ஷொட்டை, அதாவது ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையிலை ஓடுற துண்டை, நாங்கள் வெட்டாமல் நீட்டி வைக்கிறதுக்குக் காரணம் இருக்கவேணும். ஒரு குறும்படத்திலை காணாமல் போன மகனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிற அம்மா படலையடியிலை நிக்கிறா எண்டு வையுங்கோ. சைக்கிள் சத்தம் ஒண்டு தூரத்திலை கேக்குது, அவ நிமிருறா, சத்தம் கிட்ட வருகுது, படலையைத் தாண்டிப் போகுது, அவவின்ரை தோள் இறங்குது, கை மட்டும் படலையிலை அப்பிடியே கிடக்குது. அதை நான் அரை நிமிசம் வெட்டாமல் விடுவன், ஏனெண்டால் அதுக்குள்ளை ஒரு நம்பிக்கை வந்து போயிருக்கு, வெட்டினால் அது செத்திடும். அதே அம்மா அதே படலையடியிலை அதே அரை நிமிசம் சும்மா நிண்டு, பின்னாலை வயலின் மட்டும் அழுதால், அது நீட்டின ஷொட் இல்லை, நிரப்பின ஷொட். பாக்கிற நீங்கள் இதைச் சோதிக்கலாம். அலுப்படிக்கிற இடத்திலை நிப்பாட்டி, ஷொட் துவங்கேக்கை எனக்குத் தெரியாத என்ன இப்ப எனக்குத் தெரியும் எண்டு கேளுங்கோ. ஒண்டுமில்லை எண்டால் உங்கடை அலுப்புக்கு ஆதாரம் கிடைச்சிட்டுது. ஏதோ ஒண்டு இருக்கு எண்டால் அலுப்படிச்சது உண்மை தான், ஆனால் படம் சும்மா இருக்கேல்லை.

'பொன்மணி' இப்பிடி ஒரு படம். 1977 இலை தர்மசேன பத்திராஜ எங்கடை யாழ்ப்பாணத்திலை எடுத்தது, சீதனமும் சாதியும் ஒரு வீட்டுக்குள்ளை என்ன செய்யுது எண்ட கதை. வந்த காலத்திலை தியேட்டரிலை நிலைக்கேல்லை. நான் காட்டின இளம் பெடியள் கனபேருக்கும் அலுப்புத் தான், ஆனால் அதே பெடியள் இடையிலை நிமிந்து இருந்து பாக்கினம், எதையெண்டால் தெருவை, வீட்டு விறாந்தையை, சனம் நடக்கிற நடையை. போருக்கு முந்தின யாழ்ப்பாணம் அசைஞ்சு திரியிறதைக் காட்டுற கதைப்படம் எங்களிட்டை எத்தினை இருக்கு. இதிலை ஒண்டு கவனிக்கவேணும், இந்த மதிப்பிலை ஒரு பங்கு இயக்குநர் சம்பாதிச்சது, மேடை மாதிரிச் செற் போடாமல் ஊருக்குள்ளை போய் எடுத்தது அவரின்ரை முடிவு. மற்றப் பங்கு காலம் குடுத்தது, அந்த வீடுகள் பிறகு உடைஞ்சபடியால் வந்த மதிப்பு, அதை அவரின்ரை கணக்கிலை எழுதேலாது. ரெண்டையும் கலந்து மாபெரும் படைப்பு எண்டு சொல்லிட்டால் அலுப்படிச்ச பெடியனுக்குத் தான் எங்கை நிக்கிறன் எண்டு தெரியாமல் போயிடும்.

நடுவரா இருக்கேக்கை வாற கரைச்சல் ஒண்டு உங்களுக்கும் உதவும். ஒரு படம் பிடிக்காட்டில் அந்த வெறுப்பு மற்றப் புள்ளியளுக்குள்ளையும் ஒழுகும். கதை பிடிக்காததுக்கு ஒலிப்பதிவுக்கும் குறைச்சுப் போட்டிடுவம், நாங்கள் போட்டது எங்களுக்கே தெரியாது. இதை 1920 இலையே எட்வேட் தோண்டைக் எண்ட அமெரிக்க உளவியலாளர் காட்டினவர். இராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழை இருந்த ஆக்களுக்கு உடல்வாகு, புத்தி, தலைமைத்துவம், குணம் எண்டு தனித்தனியாப் போட்ட புள்ளியளைப் பாத்தால், அதுகள் இருக்கவேண்டியதைக் காட்டிலும் கூட ஒண்டோடை ஒண்டு ஒத்துப்போச்சுது, ஆளைப் பற்றின ஒரு பொது எண்ணம் எல்லாப் புள்ளியையும் தன்ரை பக்கம் இழுத்திருக்கு. நான் செய்யிறது என்னெண்டால், படம் முடிஞ்ச உடனை கடுதாசியின்ரை மேலை எனக்குப் பிடிச்சதா இல்லையா எண்டு முதல்லை எழுதிப்போடுவன். அதை வெளியிலை எடுத்து வச்சாப் பிறகு தான் மற்றதுகளை எழுதுவன், ஒவ்வொண்டுக்கும் ஒரு இடம் குறிப்பன். கடைசியிலை, எனக்குப் பிடிக்காத படத்துக்கு எல்லாத்திலையும் குறைவா விழுந்திருந்தால் திரும்ப ஒருக்கா பாப்பன், எல்லாமே ஒரே நேரத்திலை பிழைச்ச படம் அபூர்வம்.

திரும்பப் பாத்தால் பிடிச்சிடுமோ எண்டும் கேட்டிருந்தீங்கள். இதிலை நான் உறுதியாச் சொல்ல மாட்டன். ஒரு சாமானை அடிக்கடி கண்டாலே அது கொஞ்சம் பிடிக்கத் துவங்கும் எண்டு ரொபேட் சாயொன்ஸ் எண்டவர் 1968 இலை எழுதின ஆய்வு பேர்போனது, ஆக ரெண்டாம் தரம் பிடிச்சால் அது தரத்தைக் கண்டதாலையோ பழகினதாலையோ எண்டு பிரிக்கிறது கஸ்ரம். ஆனால் 2013 இலை லீட்ஸ் பல்கலைக்கழகத்து ஆக்கள் ஓவியங்களை வச்சு ஒரு சோதனை செய்தவை. தோமஸ் கிங்கேட் எண்ட, கடையிலை நல்லா ஓடினாலும் விமர்சகர் மதிக்காத ஓவியரின்ரை படங்களை மாணவருக்குத் திரும்பத் திரும்பக் காட்ட, விருப்பம் குறைஞ்சு போச்சுது, விமர்சகர் மதிக்கிற 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து ஓவியர் மிலேயின்ரை ஓவியங்களுக்கு அப்பிடிக் குறையேல்லை. வடிவான முடிவு, ஆனால் ஒரு சோதனை, ரெண்டே ரெண்டு ஓவியர், அதை வச்சு நல்லது தான் நிலைக்கும் எண்டு சட்டம் எழுதேலாது. என்ரை அனுபவத்திலை முழுப் படத்தையும் திரும்பப் பாக்கச் சொல்லுறது வீண், உங்களுக்கு ஆகக் கோவம் வந்த ஒரு காட்சியை மட்டும் ரெண்டாம் தரம், ஹெட்செற் போட்டுக்கொண்டு பாருங்கோ.

இப்ப எனக்கே தெளிவில்லாத இடத்துக்கு வாறன். தரத்தையும் வெறுப்பையும் பிரிக்கலாம் எண்டு இவ்வளவு நேரம் சொன்னனான், ஆனால் எல்லா இடத்திலையும் பிரிக்க ஏலுமோ எண்டால் எனக்குச் சந்தேகம். 1915 இலை கிறிஃபித் எண்ட அமெரிக்க இயக்குநர் எடுத்த 'ஒரு தேசத்தின் பிறப்பு' படத்தை எடிட்டிங் படிக்கிற எல்லாரும் படிக்கிறவை. கடைசியிலை ஒரு பக்கம் குடிலுக்குள்ளை சிக்கிக்கொண்ட ஆக்கள், மற்றப் பக்கம் காப்பாத்தக் குதிரையிலை வாற கூட்டம், மாறி மாறி வெட்டி வெட்டி வேகத்தை ஏத்துறது, இண்டைக்கும் எங்கடை மசாலாப் படத்திலை கதாநாயகன் கடைசி நிமிசத்திலை வந்து சேருறது இந்த முறையிலை தான். ஆனால் அந்தக் குதிரையிலை வாறது கு கிளக்ஸ் கிளான், கறுப்பின மக்களைக் கொலை செய்து திரிஞ்ச கூட்டம், படம் அவையை மீட்பராக் காட்டுது, படம் வந்த அதே வருசம் அந்த இயக்கம் திரும்ப உயிர்த்தது. அப்ப அந்த வெட்டைத் திறம் எண்டு சொல்லுறதோ. திறமான வெட்டு எண்டபடியாத் தான் அது அவ்வளவு கேடு செய்தது, சோடையா எடுத்திருந்தால் ஆரும் கைதட்டியிருக்க மாட்டினம். நான் அதைப் படிப்பிக்கேக்கை ரெண்டையும் ஒரே மூச்சிலை தான் சொல்லுறனான், வெட்டை மட்டும் தனிய எடுத்துப் புகழுறது எனக்கு ஒத்துவராது. வேறை எடிட்டர்மார் தொழில்நுட்பம் தொழில்நுட்பம் தான் எண்டுவினம், அவையோடை நான் இண்டு வரைக்கும் இதிலை ஒரு முடிவுக்கு வரேல்லை.

ஆனபடியால் எங்கடை ஆக்களைக் கொலைகாரராக் காட்டுது எண்ட உங்கடை கோவத்தை, அது வெறும் ரசனைப் பிரச்சினை எண்டு ஆரும் ஒதுக்க விடாதேங்கோ. அது பிடிக்குது பிடிக்கேல்லை எண்டதுக்குள்ளையும் அடங்காது, ஷொட் நல்லம் கூடாது எண்டதுக்குள்ளையும் அடங்காது, மூண்டாவது ஒரு வழக்கு, படம் எங்களைப் பற்றி உலகத்துக்கு என்ன சொல்லுது எண்ட வழக்கு. அதுக்கும் இடம் காட்டித் தான் வாதாட வேணும். என்ரை பக்கத்திலை இருந்து சொன்னால், அதே படத்திலை தான் தீபன் தனக்குப் பிரெஞ்சுக்காரரின்ரை பகிடி விளங்கேல்லை எண்டு சொல்ல, பெண்சாதியா நடிச்சுக்கொண்டிருக்கிற யாழினி உமக்குத் தமிழிலையும் பகிடி விளங்காது எண்ட மாதிரித் திருப்பிச் சொல்லுவா. வெளிநாட்டுப் படத்திலை எங்கடை ஒரு புருசன் பெண்சாதி மாதிரி ஆக்கள் இப்பிடி ஒருத்தரை ஒருத்தர் சீண்டுறதை நான் வேறை எங்கை பாத்தனான், அது கொலைகாரனைக் காட்டுற படமில்லை. உங்கடை பக்கத்திலை கடைசிக் கால்வாசி இருக்கு. ரெண்டு பேரும் படத்தைத் திறந்து வச்சுக் கதைக்கலாம். 2018 இலை, தமிழ் இயக்கங்களின்ரை வன்முறையையும் கதைக்கிற ஜூட் ரட்ணத்தின்ரை 'டீமன்ஸ் இன் பரடைஸ்' ஆவணப்படத்தை யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவிலை காட்ட இருந்து, எதிர்ப்பு வந்து நிப்பாட்டிப்போட்டினம். எதிர்த்தவைக்குக் காரணம் இருந்தது, அந்தக் காயம் எனக்கும் விளங்கும், ஆனால் கடைசியிலை இஞ்சை பாத்திட்டுத் திட்ட விரும்பினவனுக்கும் இடம் இல்லாமல் போச்சுது.

இன்னொரு விசயம், தரம் எண்டது கமெராவும் வெட்டும் மட்டுமில்லை. படிச்ச ஆக்கள் வெகுசனத் தமிழ்ப் படத்தைத் தொடவே கூச்சப்பட்ட காலத்திலை, பேராசிரியர் சிவத்தம்பி 1981 இலை தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பு ஊடகமா வச்சு இங்கிலிசிலை ஒரு சின்னப் புத்தகம் எழுதினவர். தமிழர் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழை இருந்து பாத்த முதல் இடம் சினிமாக் கொட்டகை, அங்கை எங்கை இருக்கிறது எண்டதைச் சாதி தீர்மானிக்கேல்லை, ரிக்கற் காசு தீர்மானிச்சுது எண்டு அதிலை சொல்லுறார். மாவிட்டபுரத்திலை 1968 இலையும் ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் கோயிலுக்குள்ளை போறதுக்குப் போராட வேண்டியிருந்த எங்கடை ஊரிலை அது எவ்வளவு பெரிய விசயம் எண்டு யோசியுங்கோ. அண்டைக்குக் கலரியிலை ஓடின படம் எனக்குப் பிடிக்காத படமா இருக்கலாம், காதைக் கிழிக்கிற வசனமா இருக்கலாம், அந்தப் படம் இல்லாட்டில் அந்தக் கூட்டம் அங்கை ஒண்டா இருந்திருக்காது. இதைத் தரம் எண்டு சொல்லுறதோ பயன் எண்டு சொல்லுறதோ எண்டு விவாதிக்கலாம், ஆனால் விமர்சனம் எழுதேக்கை கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போகேலாது.

கூட்டாளிக்கு என்ன சொல்லுறது எண்டால், பரிசை ஆதாரமா வைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அந்த வருசம் கானிலை கோயன் சகோதரர் ரெண்டு பேரும் நடுவர் குழுவுக்குத் தலைமை, சினிமா நல்லாத் தெரிஞ்ச ஆக்கள், ஆனாலும் ஒரு குழு ஒரு அறையிலை இருந்து எடுத்த முடிவு அது. நாங்கள் குறும்படப் போட்டியிலை எடுக்கிறதும் அப்பிடித் தான், ஒருத்தருக்கு ஆகப் பிடிச்சதும் மற்றவருக்கு ஆகப் பிடிக்காததும் ஒரே படமா இருக்கும், கடைசியிலை ஒருத்தரும் கடுமையா எதிர்க்காத படம் மேலை வாறதும் உண்டு. பரிசு ஒரு படத்தைக் கவனமாப் பாக்கச் சொல்லுற காரணம், அவ்வளவு தான். அவரிட்டை ஒரு காட்சியைக் கேளுங்கோ, நீங்களும் ஒண்டைக் குடுங்கோ.

கடைசியா ஒண்டு. நான் இவ்வளவு நேரம் கதைச்சது வெட்டு, ஷொட், சத்தம், எனக்குத் தெரிஞ்ச பக்கம். நடிப்பிலை என்ரை கண் அவ்வளவு நம்பக்கூடியதில்லை, ஏனெண்டால் ஒரு நடிப்பை நாங்கள் வெட்டி எவ்வளவு திருத்தலாம் எண்டு தெரிஞ்சாப் பிறகு எது நடிகரின்ரை, எது எடிட்டரின்ரை எண்டு முடிஞ்ச படத்தைப் பாத்துப் பிரிக்க எனக்கே கஸ்ரம். யாழினியா வாற காளீஸ்வரி சீனிவாசனின்ரை நடிப்பு உங்களுக்கு ஒட்டேல்லை எண்டு எழுதியிருந்தீங்கள், எனக்கு அவவை நல்லாப் பிடிச்சது, ஆனால் அதை என்னாலை இடம் காட்டிச் சொல்ல வராது, பிடிச்சது எண்டு மட்டும் தான் சொல்லலாம். இஞ்சை வாறவையிலை நாடகம் போடுறவை, நடிப்புப் பழக்கிறவை ஆரும் இருந்தால் அந்தக் கேள்வியை எடுத்து எழுதுங்கோ, நானும் வாசிக்கிறன்.